விளைவைச் சுமப்பவர் யார்?

புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில், நெடுந்தீவுக்குப் போக வந்தவர் கடலைப் பார்த்து, இன்று போவதா நாளைக்கா என்று யோசிக்கிறார். போனால், காற்று பலத்து நெடுந்தீவிலேயே தங்க நேரலாம். போகாவிட்டால் காரியம் கெடும். முடிவெடுத்தல் இதுதான்: வேண்டியது என்னவென்று தெளிந்து, உள்ள வழிகளை எடைபோட்டு, ஒன்றைத் தெரிவுசெய்து, பலாபலனை ஏற்பது. எல்லாத் தகவலும் சேரும்வரை மனிதர் காத்திருப்பதில்லை, போதுமெனத் தோன்றும் வழியையே எடுக்கிறார்கள் என்று விளக்கிய ஹேர்பேர்ட் சைமன் 1978இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். பயணியின் முடிவும் விளைவும் அவருடையவையே. அரச முடிவுகளில் இவ்விரண்டும் பிரிந்துவிடுகின்றன.

இதற்கு ஓர் உதாரணம்: நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையமைப்பில் சேராதவை. டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. அங்கே சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் எடுக்கும் வேலையை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில், 2021 ஜனவரியில் இலங்கை அமைச்சரவை சீன நிறுவனமொன்றுக்கு வழங்கியது. தன் கரைக்கு இவ்வளவு கிட்டவா என்று இந்தியா ஆட்சேபித்தது. மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையால் வேலை இடைநிறுத்தப்பட்டதாக அந்த டிசம்பரில் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை. 2024 மார்ச் 1ஆம் திகதி, 1 கோடியே 10 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையில், பெங்களூர் நிறுவனத்துடன் ஒப்பந்தம். 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம், 530 கிலோவாட் காற்று மின்சாரம் என்பது திட்டம். நன்கொடையாகக் கிடைத்தது நல்லதே. ஆனால் இதற்குள் மூன்று வருஷம் போய்விட்டது. ஒத்திப்போடுவதும் ஒரு முடிவுதான். அதன் விலையைத் தீவார் கொடுத்தார்கள். எந்த நாடு கட்டுவது என்ற சர்ச்சைக்குள் அவர்களின் தேவை பின்னுக்குப் போனது.

பாதுகாப்பு அரசின் பொறுப்பு, தொழில்நுட்பம் நிபுணர் வேலை, ஊரைக் கேட்டால் காரியம் இழுபடும் என்பார்கள். முதலிரண்டும் சரி. மூன்றாவது நிற்காது, இந்தத் திட்டத்தை இழுத்தடித்தது ஊர்க்கூட்டம் அல்ல, வல்லரசுப் போட்டி. எத்தனை கிலோவாட் என்பதை நிபுணர் கணக்கிடட்டும். மாரியில் எந்தக் காணியில் வெள்ளம் நிற்கும், எந்தத் தரவையில் மாடு மேயும் என்பதைத் தீவாரே அறிவார்கள். காணி, கட்டணம், பழுதுபார்ப்பு பற்றிய கூட்டங்களை அதிகாரிகள் அந்தந்தத் தீவிலேயே நடத்தி, தீவார் சொன்னவற்றைப் பதிந்து, ஏற்காதவற்றுக்குக் காரணம் எழுத்தில் தரவேண்டும்.