குழந்தைகள் அமரும் ஆசனம்

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒரு காட்சியைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். மன்றம் கூடியிருக்கிறது. தலைவர் எழுந்து தமது நாற்காலியைப் பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு அளித்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். அவள் பேசுகிறாள், பெரியவர்கள் செவிமடுக்கின்றனர். துருக்கி நாட்டில் ஆண்டுதோறும் ஏப்ரல் 23ஆம் நாளன்று இவ்வாறு நடத்துவது மரபு. மேயர்களும் மந்திரிகளும் தத்தம் ஆசனத்தைக் குழந்தைகளுக்கு விட்டுக்கொடுக்கின்றனர். பாராளுமன்றத்திலும் சிறுவர் சிறுமியர் அமர்ந்து பேசுகின்றனர். குழந்தை கேட்டது மறுநாளே மறக்கப்படுமாயின் இது வெறும் வேடிக்கையே. ஆயினும், ஊரின் தேவையைக் குழந்தையின் வாயால் பெரியவர்கள் ஒரு நாளேனும் கேட்பது நல்ல பழக்கம் என்றே கருதுகிறோம்.

இந்நாளின் வரலாறு துயரத்தில் தொடங்குகிறது. முதல் உலக யுத்தத்தில் துருக்கி தோல்வியுற்றது. 1920 மார்ச்சில் அதன் தலைநகரான இஸ்தான்புல்லில் நேசநாட்டுப் படைகள் ஆதிக்கம் செலுத்தின. அடுத்த மாதம் 23ஆம் தேதி, அங்காரா நகரில் மக்கள் பிரதிநிதிகளின் மகாசபை கூடியது. முஸ்தபா கெமால் அதன் தலைவரானார். மறு ஆண்டே அந்நாள் தேசிய விடுமுறையாயிற்று. ஆனால் தொடர்ந்த போர்களில் தந்தையை இழந்த குழந்தைகளின் நிலை என்ன? 1921இல் அங்காராவில் தோன்றிய குழந்தைப் பாதுகாப்புச் சங்கம், இவர்களுக்காக ஏப்ரல் 23ஆம் நாளில் நிதி திரட்டலாயிற்று. இவ்வாறு, மக்களாட்சி பிறந்த நாள் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் குழந்தைகள் தினமாகவும் ஆகிவிட்டது. சட்டத்தில் இரு பெயரும் இணைந்தது 1981இல்தான்.

இதற்கிடையே 1979 சர்வதேசக் குழந்தைகள் ஆண்டாக வந்தது. அவ்வாண்டில் துருக்கியின் வானொலி, தொலைக்காட்சி நிறுவனம் பிற நாட்டுக் குழந்தைகளையும் விழாவிற்கு அழைத்தது. ஒவ்வொரு குழுவும் தன் நாட்டு உடையணிந்து, தன் நாட்டு நடனத்தை ஆடிக்காட்டும். கண்ணுக்கு இனிய காட்சிதான். எனினும் நம் மனத்தை ஈர்ப்பது வேறொன்று. வந்த குழந்தைகளை விடுதிகளில் வைக்காமல், ஒத்த வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் தங்கவைக்கும் ஏற்பாடு அது. பாஷை தெரியாத ஒரு குழந்தைக்கு ஒரு வாரம் சோறிட்டு, அதன் பசியையும் ஏக்கத்தையும் சைகையிலேயே புரிந்துகொள்வது அவ்வீட்டுத் தாய்க்கு எளிய காரியமன்று. திருவிழாக் காலத்தில் வெளியூரார் பலருக்கு இலை போட்ட நம் கிராமத்துத் தாய்மார் இதை நன்கு உணர்வர். ஒரே தட்டில் உண்டு, ஒரே அறையில் உறங்கிய அயல்நாட்டுத் தோழனைப் பகைவன் என்று பின்னாளில் எவரேனும் கூறினால், அவ்வீட்டுச் சிறுவன் எளிதில் நம்புவானா?

மகாசபை கூடி நூறு ஆண்டுகள் நிறைந்த 2020இல், கொள்ளைநோயின் காரணமாக ஊரடங்கு அமலில் இருந்தது. வீதிகளில் ஊர்வலம் இல்லை. ஏப்ரல் 23 அன்று இரவு ஒன்பது மணிக்கு மக்கள் தத்தம் வீட்டு மாடங்களிலும் சன்னல்களிலும் குழந்தைகளுடன் வந்து நின்று தேசிய கீதம் பாடினர்.