உஷார்! ராஜினாமாக் கடிதத்தை இப்போதே நீட்டாதீர்கள்

கன்வென்ஷன் மேடையிலிருந்து ஒருவர் உங்களைப் பார்த்து, "கர்த்தர் உங்களை முழுநேர ஊழியத்துக்கு அழைக்கிறார்" என்றாரா? வெகுநாளாக உங்கள் மனதில் இருந்த ஆசையும் அதுதானா? அப்படியானால் இப்போதுதான் உஷாராக இருக்க வேண்டும். திங்கட்கிழமை போய் வேலையை விட்டுவிடாதீர்கள்!

2 சாமுவேல் 7ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தாவீது கர்த்தருக்கு ஆலயம் கட்ட ஆசைப்பட்டார். பக்தியான ஆசைதான், பணத்தாசையோ பெயராசையோ அல்ல. நாத்தானும் மெய்யான தீர்க்கதரிசி. ஆனாலும் கர்த்தரிடம் விசாரிக்காமலே ராஜாவுக்குச் சரி சொல்லிவிட்டார். அன்று இரவே கர்த்தர் அதை மாற்றினார்: கட்டப்போவது தாவீது அல்ல, அவருடைய மகன். நாத்தானே அவசரப்பட்டிருக்கிறார் என்றால், உங்கள் பெயர்கூடத் தெரியாத ஒருவர் மைக்கில் சொன்ன வார்த்தையை எத்தனை முறை சோதித்துப் பார்க்க வேண்டும்!

தாவீது முறுக்கிக்கொள்ளவில்லை. கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்து நன்றி சொன்னார். மகன் கட்டப்போகும் ஆலயத்துக்காகப் பொன்னும் வெள்ளியும் சேர்த்து வைத்தார். உங்கள் ஊழிய ஆசைக்குக் கர்த்தர் 'இல்லை' என்றால் உங்களால் அப்படி இருக்க முடியுமா? அந்தக் கேள்வியே கோபத்தைக் கிளப்பினால், தயவுசெய்து நில்லுங்கள்.

அழைப்பு மெய்யாக இருந்தாலும், நாம் நினைத்த வழி மாறலாம். எமி கார்மைக்கேல் 1893இல் ஜப்பானுக்குத்தான் மிஷனரியாகப் போனார். உடல்நிலை இடம்கொடுக்கவில்லை. 1895இல் இந்தியா வந்து, திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகச் சுவிசேஷம் சொன்னார். 1901க்குப் பின் அதுவும் மாறி, தோனாவூரில் குழந்தைகளை வளர்ப்பதே அவர் வேலையாயிற்று. 1951இல் மறையும்வரை அங்கேயே இருந்தார்.

என்னைப் பயமுறுத்துவது வேறொன்று. மூப்பரோடு மனஸ்தாபம், அடுத்த மாதமே தனி ஊழியம், தன் பெயரில் போர்டு, யூடியூப் சேனல்! அந்தியோகியாவில் பர்னபாவும் சவுலும் சண்டை போட்டுக்கொண்டா வெளியேறினார்கள்? சபை உபவாசித்து, ஜெபித்து, கைவைத்து அனுப்பியது. இங்கேயோ விசுவாச ஜீவியம் என்ற பெயரில் மனைவியின் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் நிற்கிறது. இதைக் கர்த்தர்மேல் போடாதீர்கள்.

முதலில் மனைவியிடமும், உங்களைக் கண்டித்துப் பேசத் தயங்காத போதகரிடமும் சொல்லுங்கள். பொறுங்கள் என்று அவர்கள் சொன்னால் பொறுங்கள். அதற்குள், உங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் சின்னப்பிள்ளைகள் வகுப்புக்கு ஆள் வேண்டுமா என்று கேளுங்கள்.