ருசியைக் கண்ணுக்குக் காட்டிய எலி

சமையலைத் திரையில் காட்டிவிடலாம். ருசியைக் காட்டுவதுதான் கடினம். கடாயில் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்கும், ஆவி பறப்பது தெரியும், சாப்பிடுகிறவர் கண்ணை மூடித் தலையாட்டுவார். அதோடு சரி. பிக்ஸார் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'ரட்டட்டூயி' என்ற அனிமேஷன் படம் அந்த இடத்தோடு நின்றுவிடவில்லை. குடும்பத்தோடு உட்கார்ந்து சிரித்துப் பார்க்கிற படம்தான். ஆனால், நாக்குக்கு மட்டுமே தெரிகிற ஒன்றைக் கண்ணுக்கும் காதுக்கும் கொண்டுவர அது எடுத்துக்கொண்ட சிரமம் கவனித்துப் பார்க்க வேண்டியது.

கதை இதுதான். பிரான்சில் ரெமி என்ற எலிக்கு அபாரமான மோப்ப சக்தி. மற்ற எலிகள் குப்பையைக் கிளறித் தின்ன, இது மட்டும் நல்ல சாப்பாட்டுக்கு ஏங்குகிறது. யார் வேண்டுமானாலும் சமைக்கலாம் என்று சொன்ன குஸ்தோ என்ற சமையல் மேதைதான் அதன் ஆதர்சம். பாரிஸ் நகரில் அந்த மேதையின் உணவகத்துக்குள் விழுகிற ரெமி, அங்கே எடுபிடி வேலைக்குச் சேர்ந்த லிங்குவினி என்ற இளைஞனின் தொப்பிக்குள் ஒளிந்துகொண்டு, அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தே அவனைச் சமைக்க வைக்கிறது. முடியை இழுத்தால் கை தானாக ஆடுகிறது என்ற இந்த ஒரே கற்பனையில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இந்தக் கதையை முதலில் யோசித்தவர் யான் பின்காவா. 'ஜெரிஸ் கேம்' என்ற குறும்படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். தயாரிப்பின் நடுவில் படம் 'தி இன்கிரெடிபிள்ஸ்' எடுத்த பிராட் பேர்டின் கைக்குப் போனது. மனிதர்களைப் போல நடமாடவிருந்த எலிகளை அவர் மறுபடி எலிகளாகவே ஆக்கினார். அவை நான்கு காலில் ஓடுகின்றன. ரெமி மட்டும் இரண்டு காலில் நடக்கிறது. சாப்பாட்டைத் தொடுகிற கையாலேயே தரையை மிதித்து நடப்பானேன் என்பது அதன் வாதம்! ஸ்டூடியோ நடைகூடத்திலேயே வளர்ப்பு எலிகளை வைத்து, அவற்றின் மூக்கும் காதும் வாலும் அசைகிற விதத்தை ஓவியர்கள் பார்த்துப் பழகினார்கள்.

ருசிக்கு வருவோம். தொடக்கக் காட்சி ஒன்றில் ரெமி ஒரு துண்டு சீஸைக் கடிக்கிறது. சுற்றிலும் இருள் கவிகிறது. வண்ண உருவங்கள் மெல்ல நெளிகின்றன. அடுத்து ஸ்ட்ராபெர்ரி. இப்போது வேறு வண்ணம், வேறு அசைவு. இரண்டையும் சேர்த்துக் கடித்ததும் உருவங்கள் ஒன்றோடொன்று பின்னி ஆடத் தொடங்குகின்றன. மைக்கேல் ஜியாக்கினோவின் இசையும் கூடவே மாறுகிறது. அந்த உருவங்களை வரைந்தவர் மிஷேல் காஞே என்ற கலைஞர். அதே அனுபவத்தைத் தன் உடன்பிறந்த எமிலுக்கும் கற்றுக்கொடுக்க ரெமி பின்னால் முயல்கிறது. கிடைத்ததையெல்லாம் விழுங்கிப் பழகிய எமிலுக்கு மங்கலாக ஏதோ கொஞ்சம் தெரிகிறது, அவ்வளவுதான். நின்று மென்று கவனித்தால்தான் ருசி பிடிபடும் என்பதை ஒரு வரி உபதேசம் இல்லாமல் இந்த இரண்டு காட்சிகள் சொல்லிவிடுகின்றன.

கணினியில் வரைந்த சாப்பாடு பிளாஸ்டிக் பொம்மை மாதிரித் தெரிவது அந்தக் காலத்துப் பெரிய தொல்லை. வெட்டிய தக்காளியின் மேல் விழுகிற வெளிச்சம் அப்படியே திரும்பிவிடுவதில்லை. சதைக்குள் சிறிது ஊடுருவி, சிதறி, பிறகு வெளியே வருகிறது. பழம் பழமாகத் தெரிவது அதனால்தான். அந்தச் சிதறலைக் கணக்குப் போட்டு வரைகிற முறையை ஏற்கெனவே கதாபாத்திரங்களின் தோலுக்குப் பயன்படுத்தி வந்தார்கள்; இங்கே காய்கறிக்கும் பழத்துக்கும் கொண்டுவந்தார்கள். படத்தில் வரும் பண்டங்களை நிஜ அடுப்பில் சமைத்து, படம் பிடித்து, பார்த்து வரைந்தார்கள். குப்பைமேடு நிஜமாகத் தெரியவேண்டும் என்பதற்காகப் பதினைந்து வகைக் காய்கனிகளை அழுகவிட்டு அவற்றையும் படம் பிடித்தார்கள். தண்ணீரில் நனைந்த லிங்குவினியின் சட்டை உடம்பில் எப்படி ஒட்டும் என்று தெரிந்துகொள்ள, ஊழியர் ஒருவருக்குச் சமையல்காரர் உடையை மாட்டி நீச்சல் குளத்தில் இறக்கியதும் உண்டு.

சமையலறை விஷயத்திலும் இதே பிடிவாதம்தான். தயாரிப்பாளர் பிராட் லூயிஸ், கலிஃபோர்னியாவில் தாமஸ் கெல்லர் நடத்தும் புகழ்பெற்ற 'பிரெஞ்ச் லாண்டரி' உணவகத்தின் சமையலறையில் வேலை பழகினார். அந்தப் பழக்கத்தின் பலன் கோலெட் என்ற பாத்திரத்தில் தெரிகிறது. குஸ்தோ உணவகத்தின் சமையலறையில் இருக்கும் ஒரே பெண் அவள். ஆண்கள் வகுத்த விதிகள் நிறைந்த இடத்தில் பாடுபட்டு நிலைத்தவள். லிங்குவினிக்கு அவள் தொழில் சொல்லிக்கொடுக்கும் பகுதிதான் படத்தில் மிக அழகானது என்று தாராளமாகச் சொல்லலாம். கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள், நிற்கிற இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள், ரொட்டியின் தரத்தை அழுத்தும்போது வரும் சத்தத்தில் கண்டுபிடி. சமையலறையில் நாள் முழுக்க நின்று உழைத்தவர்களின் பேச்சு இது. அவள் முன்கையில் இருக்கும் தீக்காயத் தழும்பையும் ஓவியர்கள் மறக்கவில்லை.

பாரிஸும் அப்படியே இருக்கிறது. ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் செத்த எலிகள் வரிசையாகத் தொங்குவதை ரெமியின் அப்பா மகனுக்குக் காட்டி, மனிதர்களை நம்பாதே என்கிறார். அந்தக் கடை கற்பனை இல்லை. எலி, பூச்சி ஒழிக்கும் பொருள்கள் விற்கும் 'ஓரூஸ்' கடை பாரிஸில் 1872 முதல் நடந்துவருகிறது.

படத்துக்குப் பெயர் தந்த உணவுக்கு வருவோம். ரட்டட்டூயி, தென்பிரான்சின் நீஸ் வட்டாரத்து எளிய வீட்டுச் சமையல். கத்தரிக்காய், சுக்கினி, தக்காளி, குடைமிளகாய், வெங்காயம், பூண்டு எல்லாவற்றையும் ஆலிவ் எண்ணெயில் குழைய வேகவைப்பார்கள். இதில் கத்தரிக்காய் ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. தக்காளியும் குடைமிளகாயும் அமெரிக்கக் கண்டங்களின் கொடை. பெயரைக் கேட்டாலே சமையல்காரர்கள் நடுங்கும் ஆன்டன் ஈகோ என்ற விமர்சகருக்கு ரெமி பரிமாறுவது இந்தச் சாதாரணப் பண்டத்தைத்தான். ஆனால் வடிவம் வேறு. மிஷேல் கெரார் என்ற பிரெஞ்சு சமையல் கலைஞர் 1976-இல் எழுதிய ஒரு குறிப்பைத் தழுவிக் கெல்லர் அமைத்த வடிவம் அது. காய்கள் மெல்லிய வில்லைகளாகி ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும்.

ஈகோ ஒரு வாய் எடுத்து வைக்கிறார். இந்த முறை வண்ண உருவங்கள் எதுவும் இல்லை. சைக்கிளிலிருந்து விழுந்து அழுதுகொண்டு வந்த சிறுவனாக, அம்மா வைத்த தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கையிலிருந்த பேனா கீழே விழுகிறது. ருசியைக் காட்ட இதைவிட நேரான வழி இல்லை. நாக்கு ஞாபகம் வைத்திருப்பது பெரும்பாலும் ஊட்டிய கையைத்தான். பீட்டர் ஓ'டூல் தந்த குரலில் பிறகு வரும் ஈகோவின் விமர்சனத்தைப் பெரியவர்கள் நிதானமாகக் கேட்கலாம். குறை சொல்வது எவ்வளவு சுலபம், புதியதற்குத் துணை நிற்பது எவ்வளவு கடினம் என்று அந்தக் கடுமையான மனிதர் மனம் திறந்து ஒப்புக்கொள்கிறார். சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் இதற்குக் கிடைத்ததில் வியப்பில்லை.

சமையலறையில் எலியா என்று முகம் சுளிப்பவர்களுக்கும் படம் பதில் வைத்திருக்கிறது. எலிக்கூட்டம் வேலைக்கு இறங்குமுன் பாத்திரம் கழுவும் எந்திரத்தின் சுடுநீராவியில் குளித்துவிட்டுத்தான் வருகிறது. தொடக்கத்தில் ஒரு பாட்டி துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு துரத்தும் காட்சியில் மிகச் சின்னக் குழந்தைகள் பயப்படக்கூடும். அப்போது மடியில் உட்காரவைத்துக்கொண்டால் போதும்.

படம் முடிந்ததும் வீட்டில் எல்லாருக்கும் பசிக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமையே செய்து பார்க்கலாம். அடியில் வதக்கிய தக்காளி, குடைமிளகாய் விழுது. மேலே கத்தரிக்காய், சுக்கினி, தக்காளி வில்லைகள். ஓவன் இல்லாத வீட்டில் கனமான சட்டியை மூடி, சிறு தீயில் பொறுமையாக வேகவிடலாம். அரிவதைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டு, நிறம் மாற்றி மாற்றி அடுக்குகிற வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம்.