போலிங் பந்தின் துளை ஏன் சாய்கிறது?

மாணவர்களே, போலிங் பந்தைக் கையில் எடுத்திருக்கிறீர்களா? அதில் மூன்று துளைகள் இருக்கும். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இரண்டு, பெருவிரலுக்கு ஒன்று. அந்தப் பெருவிரல் துளை பந்துக்குள் எந்தத் திசையில் இறங்குகிறது என்று என்றாவது கவனித்ததுண்டா?

எங்கள் பள்ளிப் போலிங் குழுவில் படிவம் நான்கு மாணவி ஒருவர் இருந்தார். பயிற்சி முடியும்போதெல்லாம் அவரது பெருவிரலின் அடிப்பகுதி வீங்கிவிடும். பந்தை விடும் நேரத்தில் விரல் துளைக்குள் சிக்கும். துளை சிறியதாக இருக்கிறது என்று நினைத்து, அதைச் சற்று அகலப்படுத்தினோம். வலி கூடியது. "என் கைக்குப் பலம் பத்தலை சார். நான் குழுவிலிருந்து நின்னுடுறேன்" என்றார்.

உண்மையில் பலம்தான் குறைவா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கைக்கு எவ்வளவு பாரம்?

அவருடைய பந்து 11 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 5 கிலோகிராம். அதன் எடை சுமார் 50 நியூட்டன். வீசும்போது கை ஊசல்போல் ஆடுகிறது. தோளிலிருந்து பந்தின் மையம் வரை 0.7 மீட்டர், பந்து கீழே வரும்போது அதன் வேகம் வினாடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

மையநோக்கு விசை = நிறை × வேகத்தின் வர்க்கம் ÷ ஆரம்
= 5 × 25 ÷ 0.7
= சுமார் 180 நியூட்டன்

எடையையும் சேர்த்தால் 230 நியூட்டன். பந்து நான்கரை மடங்கு கனப்பதுபோல் இருக்கும்! இவ்வளவு இழுப்பையும் தாங்கிய பெருவிரல், அடுத்த கணமே வழுக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். பெருவிரல் முதலில் வெளியே வந்தால்தான் மற்ற இரு விரல்களும் பந்தைச் சுழற்றிவிட முடியும்.

பிட்ச் என்றால் என்ன?

துளையின் அச்சு நேராகப் பந்தின் மையத்தை நோக்கிச் சென்றால் அது பூஜ்யப் பிட்ச். துளையின் அடிப்பகுதி விரல் துளைகளின் பக்கம் சாய்ந்தால் முன்சாய்வு. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் பின்சாய்வு. அச்சு மையத்தைவிட்டு எவ்வளவு தூரம் விலகுகிறதோ, அதை அங்குலத்தில் அளப்பார்கள்.

உங்கள் புத்தகப்பையின் பிடியை ஒரு விரலில் மாட்டித் தூக்குங்கள். விரல் நுனி மேல்நோக்கி வளைந்திருந்தால் பை நிற்கும். நுனியைக் கீழே சாய்த்தால் நழுவும். முன்சாய்வு பந்தைப் பிடித்துவைக்கிறது. பின்சாய்வு சீக்கிரம் விடுவிக்கிறது.

பந்தின் ஆரம் சுமார் 108 மில்லிமீட்டர். 1/8 அங்குலம் என்பது 3.2 மில்லிமீட்டர். 3.2 ÷ 108 = 0.03. இந்த சைன் மதிப்புக்குரிய கோணம் 1.7 பாகை மட்டுமே. ஆனால் விரலுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

சிக்கல் எங்கே இருந்தது?

துளையிடும் கடைக்காரர் முதலில் பந்தைப் பார்க்கவில்லை. மாணவியின் பெருவிரல் பின்னால் எவ்வளவு வளைகிறது என்று பார்த்தார். மிகக் குறைவாகவே வளைந்தது. பந்திலோ 1/4 அங்குலப் பின்சாய்வு இருந்தது. பந்து முன்கூட்டியே நழுவப் பார்த்ததால், அவர் தன்னையறியாமல் துளைச் சுவரை இறுக்கி அழுத்தியிருக்கிறார். அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும் என்று படித்திருக்கிறோம் அல்லவா? அந்த உராய்வுதான் விரலைச் சிக்கவைத்தது. நாங்கள் துளையை அகலப்படுத்தியதும் பிடி மேலும் தளர்ந்தது. அவர் இன்னும் இறுக்கினார்.

கடைக்காரர் பழைய துளையைப் பிசின் ஊற்றி அடைத்தார். அது இறுகிய பிறகு பூஜ்யப் பிட்சில் புதிதாகத் துளையிட்டார். மாற்றம் 3.4 பாகைதான். சில வாரங்களில் வீக்கம் வற்றியது. மாணவி குழுவிலேயே இருந்தார்.

ஒன்றை மறக்காதீர்கள். முன்சாய்வு அளவுக்கு மீறினாலும் விரல் சிக்கும். அறிகுறி ஒன்று, காரணம் இரண்டு. அதனால் விரல் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு விளையாடாதீர்கள். உங்கள் கை பலவீனமானது என்றும் முடிவுகட்டாதீர்கள். பயிற்றுநரிடம் சொல்லி, பந்து உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்களே கணக்கிடுங்கள்: பிட்ச் 3/8 அங்குலம் என்றால் சாய்வுக் கோணம் எவ்வளவு? (விடை: சுமார் 5 பாகை)