ஆமத்தூர் வாணமும் ஆதிக்கு முந்திய ஒளியும்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற வழியில் இருக்கிறது ஆமத்தூர். கரிசல் காடு, வானம் பார்த்த பூமி. வெள்ளாமையை ஏமாற்றிய இதே வறட்சிதான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதாக அமைந்தது. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த பிறகு, இந்த வட்டாரத்தின் பிழைப்பே மாறிப்போனது. இன்று பொட்டல் வெளியில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகளில் மருந்து கலக்கிறார்கள், திரி வைக்கிறார்கள். ஓர் உராய்வு போதும், அறையே இல்லாமல் போக. இங்கே நிறங்களின் அழகைப் பேசுகிறவர் அதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

வானத்தில் பூவாய் விரிகிற ஒவ்வொரு பொறியும் கீழே இருக்கும்போது ஒரு மருந்து உருண்டை. மணி மருந்து என்பார்கள். அது சிவப்பாய் எரிந்தால் உள்ளே ஸ்ட்ரான்ஷியம், மஞ்சள் என்றால் சோடியம், வெள்ளி என்றால் அலுமினியத் தூள். பச்சைக்குப் பேரியம், பட்டாசில் அதைச் சேர்க்க 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. நீலம்தான் பாடாய்ப் படுத்தும். அதைத் தருவது செம்பு. வெப்பம் கொஞ்சம் கூடினாலும் நிறம் தரும் சேர்மம் சிதைந்து வெளிறிவிடும்.

இந்த நிறங்களை யாரும் சாயமாய்ப் பூசவில்லை. வெள்ளி நீங்கலாக மற்றவற்றில், சூடேறிய அணுவின் அல்லது மூலக்கூறின் எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவி, திரும்ப இறங்கும்போது தனக்கென்று விதிக்கப்பட்ட ஒளியை மட்டும் உமிழ்கிறது. சோடியத்துக்கு அது சுமார் 589 நானோமீட்டர். ஆமத்தூர் மத்தாப்பில் எரிகிற சோடியத்துக்கும் சூரியனில் இருக்கிற சோடியத்துக்கும் அந்த எண்ணில் வேறுபாடே இல்லை. எத்தனை கோடி மைல் தள்ளிப் போனாலும் ஒரே கட்டளைக்குப் பணிகிற உலகம் இது!

சரி, அந்த ஸ்ட்ரான்ஷியம் எங்கிருந்து வந்தது? பாறையிலிருந்து. பாறைக்கு? அங்கேதான் கதை வானத்துக்கு ஏறுகிறது. வயதாகி ஊதிப்பெருத்த விண்மீன்களின் உள்ளே, அணுக்கருக்கள் ஒவ்வொன்றாய் நியூட்ரான்களைப் பிடித்துக் கனத்து ஸ்ட்ரான்ஷியமும் பேரியமும் ஆகின்றன. இன்னோர் உலையும் உண்டு. 2017 ஆகஸ்டில், 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய சேதி பூமிக்கு வந்து சேர்ந்தது. அந்த வெளிச்சத்தைப் பகுத்தவர்கள் 2019-ல் அதில் ஸ்ட்ரான்ஷியத்தின் தடயத்தைக் கண்டார்கள். நம் தீபாவளிச் சிவப்பு, சுமார் 454 கோடி ஆண்டு வயதான இந்தப் பூமிக்கும் மூத்தது.

இன்னும் பின்னே போனால், ஏறக்குறைய 1380 கோடி ஆண்டுக்கு முந்திய தொடக்கம். அப்போது ஸ்ட்ரான்ஷியமும் இல்லை, செம்பும் இல்லை. ஹைட்ரஜன், ஹீலியம், துளி லித்தியம், அவ்வளவுதான். அதற்கும் முன்னே யார் இருந்தார் என்று தொலைநோக்கியிடம் கேட்டுப் பயனில்லை. பெருவெடிப்பையே வேதத்துக்குச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் பிரசங்கிகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விசுவாசம் தன் காலில் நிற்கட்டும்.

கிறிஸ்தவ விசுவாசம் சொல்வது அதைவிடத் துணிச்சலானது. பெத்லகேமில் பிறந்த இயேசு அங்கே தொடங்கியவர் அல்ல. எல்லாம் உண்டாவதற்கு முன்பே பிதாவோடு இருந்தவர், அவர் மூலமாகவே எல்லாம் உண்டாயிற்று என்று யோவான் தன் சுவிசேஷத்தைத் திறக்கிறார். விண்மீன்களுக்கு மூத்தவர் என்பதோடு இது முடிவதில்லை. நாலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ் அந்த அளவுக்கு ஒப்புக்கொண்டவர்தான்: குமாரன் எல்லாப் படைப்புக்கும் முந்தியவர், ஆனாலும் அவரும் படைக்கப்பட்டவரே, அவர் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு என்றார். 325-ல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதை மறுத்தார்கள். அதற்காகப் பின்னாளில் ஐந்து முறை ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியுஸ், சூரியனையும் அதன் கதிரையும் காட்டி வாதாடினார். கதிர் சூரியனிலிருந்து வருகிறது. ஆனால் கதிரில்லாத சூரியன் என்று ஒன்று எப்போதாவது இருந்ததா?

ஆகவே 1380 கோடியோடு இன்னும் எத்தனை பூஜ்யம் சேர்த்தாலும் குமாரனின் ‘வயதை’ எட்ட முடியாது. காலமே படைக்கப்பட்டது என்று திருச்சபைப் பிதா அகுஸ்தீன் எழுதினார். படைத்தவரைக் காலத்தின் வரிசையில் நிறுத்தி, முதல் இடம் கொடுப்பதும் குறைவுதான்.

இந்தப் போதனை கரிசல் காட்டின் பல ஊர்களுக்குக் கூடாரத்தில் வந்தது. கேம்பிரிட்ஜில் கணிதத்தில் பெயர் வாங்கிய மிஷனரி தாமஸ் ராக்லண்ட், 1854 முதல் வட திருநெல்வேலிச் சீமையில் கூடாரம் அடித்து ஊர் ஊராய்ப் போனார். 1858-ல் சிவகாசியில் இறந்தார். அப்போது இங்கே பட்டாசு ஆலையும் இல்லை, தீப்பெட்டி ஆலையும் இல்லை.

எனக்கு எப்போதும் வியப்பு குமாரனின் முன்னிருப்பைவிட, அவர் அதை விட்டு இறங்கி வந்ததில்தான். விண்மீன் உலையில் ஸ்ட்ரான்ஷியம் சமைத்தவர் நாசரேத்தில் தச்சு வேலை செய்து கைகாய்த்தார். கொல்லப்படுவதற்கு முந்திய இரவில், உலகம் உண்டாகுமுன் பிதாவிடத்தில் தமக்கிருந்த மகிமையை ஜெபத்தில் நினைவுகூர்ந்தார். ஆலைகள் ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமையில், திருவிருந்து ஆராதனைக்கு வருகிற பட்டாசுத் தொழிலாளி சொல்லும் நிசேயா விசுவாசப் பிரமாணம், 381-ல் விரிந்த வடிவில், அநாதியான குமாரனை அறிக்கையிட்டுவிட்டு, நாலைந்து வரிக்குள் ஒரு ரோம மாகாண அதிகாரியின் பெயரையும் சொல்கிறது: பொந்தியு பிலாத்து.