உடுத்திப் பார்த்த உருவம்

கொல்லிமலையின் கொல்லிப்பாவை தெய்வம் வடித்தது என்கிறது சங்க மரபு. கைப்பேசி விளையாட்டின் பாவையை ஆடுபவரே வடிக்கிறார். அதனாலேயே அது வெறும் கருவியாக நிற்பதில்லை. 2020 செப்டம்பரில் இந்தியாவில் பப்ஜி விளையாட்டு தடை செய்யப்பட்டபோது, பார்த்துப் பார்த்துச் சேர்த்த உடைகள் எட்டாமல் போயின. 2021 ஜூலையில் வந்த அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ, பழைய கணக்கில் இருந்தவற்றை மாற்றிக்கொள்ள வழிசெய்தது. அந்தச் சட்டையால் குண்டடி குறையாது. ஆனாலும் அது வேண்டியிருந்தது. உருவம் ஆடுபவரையும் மாற்றும். நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயரமான உருவம் பெற்றவர்கள் பணப் பங்கீட்டில் விட்டுக்கொடுக்காமல் பேரம் பேசினார்கள். ஆய்வுக்கூடத்துச் சில நிமிடம்தானே என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் அது அவர்கள் தேர்ந்தெடுத்த உருவமல்ல, கையில் கொடுத்தது. தானே உடுத்தி, நாள்தோறும் கூட ஓடிய உருவத்தின் பிடி இன்னும் இறுகலாம். விளையாட்டு நேரத்துக்குப் பெற்றோர் வரம்பு வைப்பது சரி. கோபத்தில் பிள்ளையின் கணக்கையே அழிப்பது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.