டான்யூப் நதிக்கரையில் எட்டு நாட்கள்



சைக்கிள் என்றவுடன் நம்மில் அநேகருக்குப் பள்ளிக்கூடம் போன நாட்களும், பால்காரரும் தபால்காரரும்தான் நினைவுக்கு வருவார்கள். நம்மிடையே அது பிழைப்புக்கான வண்டி. ஐரோப்பாவிலோ, பின்சக்கரத்தின் இருபக்கமும் பை கட்டிக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல் ஊர் ஊராகப் போய் விடுமுறையைக் கழிக்கிறவர்கள் ஏராளம். அவர்கள் விரும்பிப் போகும் பாதைகளில் பேர்பெற்றது, ஜெர்மனியின் எல்லை நகரமாகிய பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் தலைநகரம் வியன்னா வரை டான்யூப் நதியை ஒட்டிச் செல்லும் பாதை. தூரம் 300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில், சபை நண்பர்களைப் பார்க்கச் சென்றிருந்த நாங்கள், கணவனும் மனைவியுமாக இதை எட்டு நாட்களில் மிதித்து முடித்தோம். (சொந்தச் செலவில்தான் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது.)

அறுபதைக் கடந்தவர்களால் இது முடியுமா என்று கேட்பவர்களுக்கு அந்தப் பாதையின் சரித்திரமே பதில். நீராவிக் கப்பல் வருவதற்கு முன், டான்யூபில் கீழ்நோக்கிப் போகும் படகுகளை நீரோட்டமே கொண்டுபோய்விடும். தானியமும் திராட்சரசமும் ஏற்றிய படகுகளை மேல்நோக்கிக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய கனத்த படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள் வடம் பிடித்து இழுக்கும். பெரிய படகு வரிசைக்கு முப்பது, நாற்பது குதிரைகள்கூடத் தேவைப்படும். இத்தனை குதிரைகள் நடக்க வேண்டுமானால் பாதை தண்ணீரை விட்டு விலகக்கூடாது, மேடு பள்ளம் இருக்கக்கூடாது, நடுவில் அறுந்துபோகவும் கூடாது. அப்படி அமைத்த கரைப்பாதைதான் இது. 1829-இல் வியன்னாவில் நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கப்பட்டது. அதன்பின் குதிரைகளின் வேலை மெல்ல மெல்ல ஒழிந்தது. பாதை மட்டும் நதியைப் பராமரிக்கும் ஊழியர்களின் உபயோகத்துக்கென்று மிஞ்சியது. 1980-களில் அதைச் சைக்கிள்காரர்களுக்குத் திறந்துவிட்டார்கள். குதிரைகளின் கால்களுக்காகச் சமன்செய்த தரை எங்கள் முழங்கால்களுக்கு உதவியது.

சரிவும் நமக்குச் சாதகமே. பாசாவிலிருந்து வியன்னா போய்ச் சேருவதற்குள் நதி ஏறக்குறைய 130 மீட்டர்தான் இறங்குகிறது. அதாவது கிலோமீட்டருக்கு அரை மீட்டருக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால், எல்லோரும் மேற்கிலிருந்து கிழக்காகவே போகிறார்கள். எங்களுக்கு ஒருநாள் எதிர்க்காற்று வாய்த்தது. அன்று பதினைந்து கிலோமீட்டரோடு நிறுத்திக்கொண்டு, விடுதித் திண்ணையில் உட்கார்ந்துவிட்டோம்.

பெரும்பகுதி தூரம் இரு கரைகளிலும் பாதை உண்டு. ஷ்லோகன் என்ற இடத்தில் கருங்கல் மலைகளுக்கு நடுவே நதி கொண்டையூசிபோல் வளைந்து திரும்புகிறது. அங்கே இடது கரையில் பாதை மலையடிவாரத்தில் முட்டி நின்றுவிடும். சைக்கிளோடு சிறிய படகில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். கிராமங்களில் சிறுசிறு விடுதிகள் இருக்கின்றன. ஒரே ஒரு இரவு தங்குகிறவர்களையும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் மழைக்காலச் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் புறப்பட வேண்டும். மூன்று நதிகள் கூடும் பாசாவில் பழைய வெள்ளங்களின் உயரத்தை நகரமன்றச் சுவரில் குறித்திருக்கிறார்கள். 2013 ஜூன் மாதம் அங்கே தண்ணீர் 12.89 மீட்டர் உயர்ந்தது. 1501-க்குப் பின் அவ்வளவு வந்ததில்லை.

மூன்றாம் நாள், லின்ஸ் நகரத்துக்கு மேற்கே, பாதையை விட்டுச் சில கிலோமீட்டர் தெற்கே திரும்பினோம். வழிகாட்டிப் புத்தகங்கள் இதை இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. ஆல்கோஃபன் ஊரை அடுத்து, வயல்களுக்கு நடுவே ஹார்ட்ஹைம் என்ற பழைய மாளிகை இருக்கிறது. நான்கு மூலையிலும் கோபுரம், உள்ளே வளைவுத் தூண்கள் சூழ்ந்த முற்றம், பார்க்க அழகான கட்டடம். மனவளர்ச்சி குன்றியவர்களைப் பராமரிக்கும் இல்லமாக அது பல ஆண்டுகள் நடந்துவந்தது. நாஜிகள் அதை எடுத்துக்கொண்டு, 1940-இல் கீழ்த்தளத்தில் விஷவாயு அறையும், பிணம் எரிக்கும் உலையும் கட்டினார்கள். மனநல மருத்துவமனைகளிலிருந்தும் இல்லங்களிலிருந்தும் நோயாளிகள் பேருந்துகளில் கொண்டுவரப்பட்டு, வந்த அன்றே கொல்லப்பட்டார்கள். பிறகு வதைமுகாம்களில் வேலை செய்யப் பலமில்லாமல் போனவர்களையும் அங்கே அனுப்பினார்கள். 1944 வரை ஏறக்குறைய 30,000 பேர். தலைமையில் இருந்தவர் ஒரு மனநல மருத்துவர். குடும்பத்தாருக்குப் போன கடிதத்தில் நிமோனியா என்றோ வேறு ஏதோ என்றோ பொய்க் காரணம் எழுதியிருக்கும். சாம்பலை வண்டியில் கொண்டுபோய் நதியில் கொட்டியிருக்கிறார்கள். நாங்கள் இரண்டு நாட்களாக ஓரமாக மிதித்துவந்த அதே நதி.

மருத்துவமனை வார்டுகளில் படுக்கை படுக்கையாகப் போய் நின்று பழகிய எங்களுக்கு, அந்த முற்றத்தில் நெடுநேரம் பேச்சு வரவில்லை. புகைபோக்கியிலிருந்து வந்த புகையையும் நாற்றத்தையும் சுற்றுப்புற ஜனங்கள் அறிந்தே இருந்தார்கள். வெளியே பேசினால் முகாமுக்குப் போவீர்கள் என்று அவர்களை மிரட்டி வைத்திருந்தார்கள். துணிந்து பேசியவர்களும் உண்டு. ஜெர்மனியில் மியூன்ஸ்டர் நகரத்துப் பேராயர் ஃபான் காலன் 1941 ஆகஸ்டு 3-ஆம் தேதி பிரசங்கபீடத்திலிருந்தே இந்தக் கொலைகளைக் கண்டித்தார். அந்த மாதமே நோயாளிகளை விஷவாயுவால் கொல்லும் திட்டத்தை நிறுத்தும்படி உத்தரவாயிற்று. ஆனாலும் மருந்தாலும் பட்டினியாலும் கொல்வது வேறு இடங்களில் தொடர்ந்தது. 2003 முதல் ஹார்ட்ஹைம் நினைவிடமாக இருக்கிறது. பிரயோஜனமற்ற உயிர் என்று ஒருவரை யார் தீர்மானிப்பது என்ற கேள்வியை, இக்கால மருத்துவத்தையும் சேர்த்தே, அங்குள்ள கண்காட்சி கேட்கிறது.

உல்லாசப் பிரயாணத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நாங்களும் திரும்புவதற்கு முன் யோசித்தவர்கள்தான். போனது சரி என்றே இன்றும் எண்ணுகிறோம். நதி காட்டுவதை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் அந்த நாட்டைப் பாதிதான் பார்த்ததாக ஆகும். லின்ஸுக்கு அப்பால் வடகரையில் மவுட்ஹவுசன் வருகிறது. கரையில் பூத்தொட்டி வைத்த வீடுகள். மேட்டில் 1938 முதல் 1945 மே 5 வரை நடந்த வதைமுகாம். அங்கும் அதன் கிளை முகாம்களிலும் 90,000 பேராவது மாண்டார்கள். கல்சுமந்து ஏறிய கைதிகளின் 186 படிகள் கல்குவாரியில் இன்னும் இருக்கின்றன.

அடுத்து வரும் கிரைன் சின்ன ஊர். அங்கே 1791-இல் கட்டிய நாடகசாலை ஒன்று அப்படியே இருக்கிறது. மெல்க் நகரத்தில் பாறையின்மேல் மஞ்சள் நிற மடாலயம். 1089 முதல் பெனடிக்டின் துறவிகள் அங்கே இருக்கிறார்கள். இப்போது நாம் காணும் கட்டடம் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சைக்கிளைக் கீழேயே பூட்டிவிட்டு நடந்து ஏறுவதே உத்தமம்.

மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரையுள்ள 36 கிலோமீட்டருக்கு வாக்காவ் என்று பெயர். மலைச்சரிவெல்லாம் கல்சுவர் கட்டிய படிப்படியான திராட்சத் தோட்டங்கள், கீழே ஆப்ரிகாட் மரங்கள். 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. 1192-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் சிறைவைக்கப்பட்ட டூர்ன்ஷ்டைன் கோட்டை இங்கேதான் இடிந்து நிற்கிறது. பாசாவிலிருந்து வருகையில் நதியை அணைக்கட்டுகள் பல இடங்களில் தடுத்து ஏரிபோல் ஆக்கியிருக்கின்றன. வாக்காவில் அது தடையின்றி ஓடுகிறது. இங்கும் அணை கட்ட யோசித்தார்கள், மக்கள் எதிர்த்ததால் கைவிடப்பட்டது.

அந்த ஓட்டத்தை ஸ்பிட்ஸ் கிராமத்தில் வேலை செய்யவே கண்டோம். அங்கே அக்கரைக்குப் போகும் பரிசலுக்கு இயந்திரம் கிடையாது. நதியின் குறுக்கே உயரத்தில் ஒரு கம்பிவடம். அதில் உருளும் கப்பியிலிருந்து வரும் கயிற்றில் படகு கட்டப்பட்டிருக்கிறது. படகுக்காரர் சுக்கானைத் திருப்பிப் படகைச் சற்றே சாய்வாக நிறுத்துகிறார். ஓடும் தண்ணீர் அதன் பக்கவாட்டில் மோதித் தள்ள, கீழ்நோக்கிப் போக வடம் விடாததால், படகு குறுக்காக நகருகிறது. திரும்பி வர மறுபக்கம் சாய்த்தால் போதும். எண்ணெய்ச் செலவில்லை, சத்தமும் இல்லை. நாங்கள் ஏறியபோது எங்களைத் தவிர ஒரு மூதாட்டியும், கூடை நிறையப் பழத்தோடு ஒரு சிறுவனும் இருந்தார்கள். சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்தோம். வியன்னாவுக்கு இன்னும் இரண்டு நாள் தூரம் இருந்தது.